டிவிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவிடமிருந்து போன் வந்தால் பல நாள் முதல் வார்த்தையே இதுதான்: "சுத்திக்கிட்டே இருக்குப்பா." திரையின் நடுவே ஓயாமல் சுற்றும் வட்டத்தைச் சொல்கிறார். அம்மா மட்டுமில்லை; சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். டிவியில் செருகும் ஸ்டிக், தனியாக வைக்கும் பாக்ஸ், இணையம் உள்ளேயே இருக்கும் ஸ்மார்ட் டிவி மூன்றுக்கும் பெரும்பாலும் இந்தப் பதில்கள் பொருந்தும்.

ஸ்மார்ட் டிவியே இருக்கும்போது தனியாக ஸ்டிக் எதற்கு?

டிவி ஒழுங்காக ஓடும்வரை தேவையே இல்லை. ஆனால் நல்ல திரை பத்து வருஷம்கூட உழைக்கும். அதற்குள் இருக்கும் சிப்பும் மென்பொருளும் அவ்வளவு காலம் ஈடுகொடுப்பதில்லை. செயலிகள் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போகும், டிவியின் நினைவகம் அப்படியே இருக்கும். நாலைந்து வருஷத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் மூச்சு வாங்கி நிற்கும். அப்போது டிவியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு ஸ்டிக்கைச் செருகி, டிவியை வெறும் திரையாக வைத்துக்கொண்டால் போதும். ஆப்பிள் டிவி 2007இலும், ரோக்கு 2008இலும், குரோம்காஸ்ட் 2013இலும், ஃபயர் டிவி 2014இலும் வந்தன. வெளித்தோற்றமும் மெனுவும்தான் வேறு. செய்கிற வேலை ஒன்றே.

அப்படி என்ன வேலை செய்கிறது?

படம் முழுசாக ஒரே மூச்சில் வருவதில்லை. சில நொடித் துண்டுகளாக வெட்டிவைத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் இருக்கும். லைன் வேகமாக இருந்தால் அடுத்த துண்டைத் தெளிவான தரத்தில் கேட்டு வாங்கும், மந்தமானால் மங்கலான தரத்துக்கு இறங்கும். படம் திடீரென்று மங்கிப் பிறகு தெளிவதற்குக் காரணம் இதுதான். கையிருப்பில் இருக்கும் துண்டுகள் தீர்ந்து, அடுத்தது வந்து சேரவில்லை என்றால் அந்த வட்டம்.

சரி, அந்த வட்டம் சுற்றினால் என்ன செய்வது?

கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: வெளியிலிருந்து வரும் லைன், வீட்டுக்குள் இருக்கும் வைஃபை, அந்தச் சாதனம். எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நோண்டுவதால்தான் பாதி மாலை வீணாகிறது.

முதலில் போனை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ரூட்டருக்குப் பக்கத்தில் இல்லை, டிவிக்குப் பக்கத்தில். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஒரு ஸ்பீடு டெஸ்ட் செயலியைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். பிறகு ரூட்டருக்குப் பக்கத்தில் போய் இன்னொரு முறை. இரண்டு இடத்திலும் மந்தம் என்றால் லைன் கோளாறு. இணையம் தருபவரிடம்தான் பேச வேண்டும். ரூட்டர் அருகே வேகம், டிவி அருகே மந்தம் என்றால் வைஃபை. இரண்டு இடத்திலும் நல்ல வேகம் இருந்தும் வட்டம் சுற்றுகிறது என்றால் சாதனமோ, அந்தச் செயலியோதான். வேறொரு செயலியைத் திறந்து பார்த்தால் அதுவும் பிரிந்துவிடும்.

எவ்வளவு வேகம் வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு: சாதாரண எச்டிக்கு நொடிக்கு 3 மெகாபிட், முழு எச்டிக்கு 5, 4கேக்கு 15. இது ஒரு திரைக்கு மட்டும். பலரும் நினைப்பதைவிட இது குறைவுதான். அதனால் பெரிய பிளானுக்கு மாறுவதற்கு முன் வைஃபையைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 சுவர்களைத் தாண்டி தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில் நெரிசல் போடும். 5 வேகமானது, சுவர் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். டிவியும் ரூட்டரும் ஒரே அறையில் இருந்தால் 5, நடுவில் இரண்டு சுவர் இருந்தால் 2.4. கேபிள் இழுக்க வழியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு கேபிள் தரும் நிம்மதியை எந்த ரூட்டரும் தந்து நான் பார்த்ததில்லை.

அம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். லைனில் குறையில்லை, போனில் டிவி அருகேயும் நல்ல வேகம். சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னால் கையை விட்டு ஸ்டிக்கை உருவினேன். விரலில் சுரீரென்று சூடு. ஒரு பக்கம் டிவியின் உலோகத் தகடு, மறுபக்கம் சுவர், நடுவில் காற்றுக்கும் வழியில்லை, சிக்னலுக்கும் வழியில்லை. ஸ்டிக் வந்த அட்டைப்பெட்டி அலமாரியில் இருந்தது. திறந்தால், விரல் நீளத்துக்கு ஒரு எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். அதைச் செருகி, ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டேன். அன்று இரவு போன் வரவில்லை. பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கேபிளைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்.

ஸ்டிக் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது. லோகோ வருகிறது, போகிறது.

பத்துக்கு ஏழெட்டு முறை மின்சாரம் போதாமைதான். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் கொடுத்திருப்பீர்கள். பழைய யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. பல ஸ்டிக்குகளோடு வரும் அடாப்டர் 5 வோல்ட், 1 ஆம்பியர். மெனுவில் நிற்கும்போது சமாளித்துவிடும். படம் ஓடத் தொடங்கியதும் தள்ளாடும். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: டிவியை அணைத்தாலும் ஸ்டிக்குக்கு மின்சாரம் இருக்கும் என்பதால் அப்டேட்டுகளை இரவில் முடித்துக்கொள்ளும். நீங்கள் படம் பார்க்க உட்காரும் நேரத்தில் கழுத்தறுக்காது.

ரிமோட் வேலை செய்யவில்லை.

பேட்டரியை மாற்றிவிட்டீர்கள், அப்படித்தானே? அடுத்து, அது எந்த வகை ரிமோட் என்று பாருங்கள். டிவி ரிமோட்டுகளில் பல அகச்சிவப்பு வகை. போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைக் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்தினால் ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும். சில போன்களில் முன்பக்கக் கேமராவில்தான் தெரிகிறது. மினுக்கினால் ரிமோட் நலம். ஸ்டிக் ரிமோட்டுகள் பெரும்பாலும் புளூடூத். இந்தச் சோதனை அவற்றுக்குப் பலிக்காது. ஸ்டிக்கின் மின்சாரத்தைப் பிடுங்கி ஒரு நிமிஷம் கழித்துச் செருகி, ரிமோட்டை மறுபடி இணைக்க வேண்டும். எந்தப் பட்டனை எத்தனை நொடி என்பது சாதனத்துக்குச் சாதனம் மாறும்.

ரிமோட் தொலைந்தே போனால் போனில் ரிமோட் செயலி இருக்கிறது. ஆனால் போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ரூட்டரை மாற்றிய அன்று ரிமோட்டும் இல்லையென்றால் சிக்கல்: ஸ்டிக்குக்குப் புது வைஃபையைச் சொல்ல ரிமோட் வேண்டும், போன் ரிமோட்டாக மாற வைஃபை வேண்டும். வழி இருக்கிறது. புது ரூட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அப்படியே வையுங்கள். ஸ்டிக் பழைய வீடு என்று நினைத்து வந்து ஒட்டிக்கொள்ளும். ரிமோட் தொலையாவிட்டாலும் ரூட்டர் மாற்றும் எல்லோரும் இதைச் செய்யலாம். வீட்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் போய் பாஸ்வேர்டு அடிக்கும் வேலை மிச்சம்.

ஒரே ரிமோட்டில் எல்லாம் நடக்குமா?

நடக்கும். டிவி செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ-சிஇசி என்பதை ஆன் செய்யுங்கள். ஆனால் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

போனிலிருந்து டிவிக்கு அனுப்பினால் போன் பேட்டரி தீர்ந்துவிடாதா?

செயலிக்குள் இருக்கும் காஸ்ட் குறியை அழுத்தினால் தீராது. போன் "இந்தப் படம்" என்று விலாசத்தை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். படத்தை இணையத்திலிருந்து இழுப்பது ஸ்டிக்தான். போன்திரையை அப்படியே காட்டும் மிரரிங் வேறு. அதில் எல்லாச் சுமையும் போன் தலையில். அழைப்பு வந்தால் அதுவும் எல்லோர் முன்னும் திரையில் வரும்.

டேட்டா எவ்வளவு போகும்?

நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் எச்டிக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கேக்கு 7 ஜிபி வரை. வரம்புள்ள இணைப்பில் 4கே ஒரு வாரத்தில் மாதக் கணக்கைக் கரைத்துவிடும். தரத்தைச் செயலியின் கணக்கு அமைப்பில் குறைத்துவைக்கலாம். சிறிய திரையில், தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது வித்தியாசம் அதிகம் தெரியாது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: தனி அடாப்டரில் ஓடும் ஸ்டிக், டிவியை அணைத்தாலும் படத்தை ஓட்டிக்கொண்டே இருக்கக்கூடும். திரை இருட்டாகிவிட்டது என்பதால் டேட்டா நின்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். படத்தை நிறுத்திவிட்டு டிவியை அணைப்பதைப் பழக்கமாக்குங்கள். அடுத்த பகுதி தானாக ஓடுவதையும் செயலியில் அணைத்துவிடுங்கள்.

டிவியும் 4கே, ஸ்டிக்கும் 4கே. படம் மட்டும் மங்கல்.

இது சங்கிலி. ஒரு கண்ணி பழுதானாலும் தரம் இறங்கிவிடும். நீங்கள் எடுத்திருக்கும் சந்தாவில் 4கே உண்டா? டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் ஒரே தரமில்லை. சில பழைய 4கே டிவிகளில் ஒன்றிரண்டில் மட்டுமே எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு இருக்கும், அது இல்லாத துளையில் 4கே வராது. நடுவில் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தாலும் இதே கதை. ஆண்ட்ராய்டு சாதனங்களில் வைட்வைன் என்ற உரிமப் பூட்டு உண்டு. அதில் எல்1 நிலை இருந்தால்தான் பெரிய சேவைகள் எச்டியும் 4கேயும் தரும். எல்3 என்றால் சாதாரணத் தரம்தான். மலிவு பாக்ஸில் "4கே" என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், உள்ளே எல்3 இருக்கும். வாங்குமுன் இதை விசாரியுங்கள்.

சினிமா பார்த்தால் சீரியல் மாதிரி வழுவழுவென்று தெரிகிறதே?

டிவியின் கைவரிசை. சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 படச்சட்டங்களில் எடுக்கப்படுகிறது. டிவி நடுவே இல்லாத சட்டங்களைத் தானே கற்பனை செய்து நுழைக்கிறது. பட அமைப்பில் மோஷன் என்று வரும் எதையும் அணையுங்கள். 2019இல் அறிமுகமான ஃபிலிம்மேக்கர் மோட் உங்கள் டிவியில் இருந்தால் ஒரே அழுத்தில் முடிந்துவிடும்.

சண்டைச் சத்தம் காதைக் கிழிக்கிறது, பேச்சு கேட்கவில்லை.

படத்தின் ஒலி 5.1 வடிவில், அதாவது ஆறு ஸ்பீக்கருக்கென்று ஆறு தடங்களாக வருகிறது. பேச்சு அதில் நடு ஸ்பீக்கருக்கு உரியது. உங்கள் டிவியில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர்; ஆறையும் இரண்டில் திணிக்கும்போது பேச்சு அமுங்குகிறது. படம் ஓடும்போதே ஆடியோ பகுதிக்குப் போய் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் "இரவு" அல்லது "பேச்சுத் தெளிவு" என்ற மாதிரி ஏதாவது இருந்தால் ஆன் செய்யுங்கள். புளூடூத் ஹெட்போனில் உதடும் பேச்சும் ஒட்டாவிட்டால் ஆடியோ தாமதம் என்ற அமைப்பைத் தேடுங்கள்.

நாம் பார்ப்பதை அது பார்க்கிறதா?

ஆமாம், பார்க்கிறது. இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. பல ஸ்மார்ட் டிவிகளில் தானியங்கி உள்ளடக்க அறிதல் என்ற வசதி உண்டு. திரையில் தெரியும் படத்தின் துணுக்குகளை எடுத்து, கைரேகை மாதிரி ஒப்பிட்டு, என்ன ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடும். செயலியில் பார்ப்பது மட்டுமில்லை. எச்டிஎம்ஐ வழியே வருவதையும் அறியும். அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 2014 முதல் 1.1 கோடி டிவிகளிலிருந்து, பார்ப்பவர்களின் ஒப்புதல் இல்லாமல் இப்படித் தகவல் சேகரித்ததாக ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

டிவியை முதன்முதல் ஆன் செய்யும்போது வரிசையாக வரும் ஒப்புதல் பக்கங்களில் எல்லாவற்றுக்கும் சரி சொல்ல வேண்டியதில்லை. "பார்க்கும் தகவல்", "விருப்ப விளம்பரம்" என்று வருபவற்றை விட்டுவிட்டாலும் டிவி ஓடும். ஏற்கெனவே சரி என்று அழுத்தியிருந்தால் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதியில் போய் எடுத்துவிடலாம். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒருமுறை போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மைக் பற்றி: ரிமோட்டில் மைக் பட்டன் இருந்தால் அதை அழுத்தும்போது கேட்கும் வகைதான் பெரும்பாலும். கூப்பிட்ட குரலுக்கு டிவியே பதில் சொல்கிறது என்றால் மைக் எப்போதும் விழித்திருக்கிறது. அப்படிப்பட்டவற்றில் பலவற்றுக்கு மைக்கை அணைக்க ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கும். டிவியின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள்.

"எல்லா சேனலும் வாழ்நாள் முழுக்க இலவசம்" என்று ஒரு பாக்ஸ். வாங்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

2023 ஜனவரியில் டி95 என்ற பாக்ஸில், பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே தீங்குநிரல் இருந்தது தெரியவந்தது. பிறகு இப்படித் தொற்றிய சாதனங்களை இணைத்த, பேட்பாக்ஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு பெரிய வலை வெளிச்சத்துக்கு வந்தது. 2025 ஜூனில் எஃப்பிஐ அதன் இரண்டாம் பதிப்பைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது. சில பாக்ஸ்கள் விற்பனைக்கு வருமுன்பே தொற்றோடு இருந்தன. சிலவற்றில் தொடக்க அமைப்பின்போது இறக்கும் செயலிகள் வழியாகத் தொற்று நுழைந்தது. அதன் பிறகு உங்கள் இணைய இணைப்பை யாரோ வாடகைக்கு விடுகிறார்கள். எங்கோ ஒருவர் செய்யும் மோசடி உங்கள் வீட்டு இணைய விலாசத்திலிருந்து கிளம்புகிறது. டிவியில் படம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு எதுவுமே தெரியாது.

பெயர் கேள்விப்படாத தயாரிப்பு, கூகுளின் பாதுகாப்பு ஏற்பாடான பிளே புரொடெக்ட் சான்று இல்லாதது, அந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்வது, எங்கிருந்தோ செயலியை இறக்கச் சொல்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். ரீசெட் செய்தால் போய்விடும் என்று நம்ப முடியாது. தொற்று அடித்தளத்திலேயே எழுதப்பட்டிருக்கலாம். அந்த பாக்ஸில் நுழைந்த கணக்குகளின் பாஸ்வேர்டுகளை வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடு. என்ன செய்ய வேண்டும்?

தனி புரொஃபைல், வயது வரம்பு, எதை வாங்கவும் ஒரு ரகசிய பின் எண். மூன்றும் சாதனத்தில் ஓரிடம், ஒவ்வொரு செயலியிலும் ஓரிடம் என்று தனித்தனியாக இருப்பதால், ஒன்றில் பூட்டிவிட்டு எல்லாம் பூட்டியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பின் எண்ணை அவர்கள் முன்னால் அடிக்காதீர்கள். திரையில் நான்கு புள்ளி மட்டும் தெரிந்தாலும், கட்டைவிரல் போகும் திசையைப் பார்த்தே என் அக்கா மகள் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

வயதானவர்களுக்கு எப்படி எளிதாக்குவது?

இதில்தான் நாம் நிறைய அவசரப்படுகிறோம். அப்பா ரிமோட்டைப் பிடிப்பதை ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். பட்டனை அழுத்தினால் திரையில் மாற்றம் வரும்வரை கட்டைவிரலை எடுப்பதில்லை. சாதனத்துக்கு அது நீண்ட அழுத்தம்; வேறொரு மெனு திறந்துவிடும். "நான் ஒண்ணும் பண்ணலப்பா, அதுவா போயிடுச்சு" என்று அவர் சொன்னது உண்மைதான். அவர் கணக்கில் அவர் ஒரு முறைதான் அழுத்தினார். "தட்டிட்டு விரலை எடுத்துடுங்கப்பா" என்று சொன்னேன். பாதிப் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

முகப்பில் அவர்கள் பார்க்கும் மூன்று செயலிகளை முன்னால் வைத்து, எடுக்க முடிந்த மற்றவற்றை எடுத்துவிடுங்கள். வழி தவறினால் வீடு படம் போட்ட பட்டன், அது ஒன்று போதும் என்று பழக்குங்கள். அதன் மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் வசதி எல்லா முக்கியச் சாதனங்களிலும் இருக்கிறது: ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஆப்பிளில் வாய்ஸ்ஓவர், ஃபயர் டிவியில் வாய்ஸ்வியூ. சில ரிமோட்டுகளில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் தெரியாமல் ஆன் ஆகிவிடும். டிவி திடீரென்று எல்லாவற்றையும் படிக்கத் தொடங்கினால் பயப்பட வேண்டாம், அணுகல்தன்மை அமைப்பில் அணைத்துவிடலாம்.

நேற்றுவரை ஓடியது, இன்று ஒன்றும் வரவில்லை. ரீசெட் செய்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 2025 மார்ச் 9 அன்று இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்டுகள் உலகம் முழுக்க ஒரே நாளில் படுத்துவிட்டன. பத்து வருஷ ஆயுளோடு உள்ளே வைக்கப்பட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். ரீசெட் செய்ய வேண்டாம் என்று கூகுள் கேட்டுக்கொண்டது. அதற்குள் அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்கள் மறுபடி அமைக்க முடியாமல் திண்டாடினார்கள். பொறுத்திருந்தவர்களுக்குச் சில நாளில் அப்டேட் வந்து தானாகச் சரியானது.

முதலில் மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகுங்கள். அடுத்து தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும், எந்தச் செயலியும் திறக்காது. சேமிப்பிடம் நிறைந்திருந்தால் பயன்படுத்தாத செயலிகளை நீக்குங்கள். 8 ஜிபி சாதனங்களில் இது அடிக்கடி நடக்கும். ரீசெட் கடைசி.

பழைய ஸ்டிக்கை யாருக்காவது கொடுக்கலாமா?

பாதுகாப்பு அப்டேட் இன்னும் வந்துகொண்டிருந்தால் தாராளமாக. கொடுக்குமுன் ரீசெட் செய்யுங்கள். பிறகு போனிலோ கணினியிலோ உங்கள் கணக்கைத் திறந்து, சாதனப் பட்டியலிலிருந்தும் அதை நீக்குங்கள். இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். வெளியூரில் தங்கிய அறையின் டிவியில் உங்கள் கணக்கில் நுழைந்திருந்தாலும் இதே பட்டியலிலிருந்து வெளியேற்றலாம். ஸ்டிக்கோடு அதன் ரிமோட், அடாப்டர், அந்த விரல் நீள எச்டிஎம்ஐ கேபிள் மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுங்கள்.